இடது முட்டியின் வளைவு

என் கால்கள் இரண்டும் சின்ன வயதிலிருந்தே வெளிப்பக்கம் வளைந்தவை. பாதங்களைச் சேர்த்து வைத்து நின்றால் முட்டிகளுக்கு நடுவே ஒரு கால்பந்து போய்விடும் என்று என் கணவர் சொல்வார். அது மிகை. ஒரு டென்னிஸ் பந்து தாராளமாகப் போகும்.

ஆவடியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘பிராக்கெட் மிஸ்’. முதன்முதலாக அது காதில் விழுந்தபோது விசிலை ஊதி எல்லோரையும் கூப்பிட்டேன். “கணக்குல பிராக்கெட்டுக்குள்ள இருக்கிறதைத்தான் முதல்ல முடிக்கணும், தெரியும்ல? நீங்க எல்லாரும் இப்போ பிராக்கெட்டுக்குள்ள. ரெண்டு சுத்து ஓடிட்டு வாங்க” என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெயர் என் எதிரிலேயே புழங்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. அந்தக் கால்களை வைத்துக்கொண்டுதான் த்ரோபாலில் மாவட்ட அணி வரைக்கும் போனேன். பந்து பக்கவாட்டில் வந்தால் என்னைத் தாண்டிப் போகாது.

வருத்தமெல்லாம் வீட்டில்தான். குழந்தையாக இருந்தபோது அம்மா விளக்கெண்ணெய் தடவி, இரண்டு கால்களையும் சேர்த்துப் பழைய வேட்டித் துணியால் கட்டிப் படுக்க வைப்பாராம். காலையில் பார்த்தால் துணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இதையெல்லாம் சொல்வது அக்கா. என்னைவிட ஆறு வயது பெரியவள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அவர்கள் வருவதற்கு முன்பே என்னை நாற்காலியில் உட்கார வைத்து, “அவங்க தெருமுனை தாண்டுற வரைக்கும் எழுந்திருக்காதே” என்று சொன்னவளும் அவள்தான்.

அந்த ஏற்பாடு வீண். மாப்பிள்ளை பூந்தமல்லி வழித்தடத்தில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். காலையில் நான் ஓடி வந்து அவருடைய வண்டியைப் பிடிப்பதைப் பக்கக் கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். “உன் நடையப் பாத்துட்டுதான் ஊட்ல பேசச் சொன்னேன், டீச்சர். அப்பறம் நீ குந்திகினு இருந்தா இன்னா, எழுந்தா இன்னா?” என்று கல்யாணமான பிறகு சொன்னார். என்னை அவர் கூப்பிடுவது இன்றைக்கும் டீச்சர் என்றுதான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு முட்டிகள் தேய ஆரம்பித்தன. வளைந்த கால்களில் எடை உள்பக்கமாக விழும் என்பதால் உள்பக்கம்தான் முதலில் தேயும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தேயத் தேய வளைவு அதிகமாகும், வளைய வளையத் தேய்வு அதிகமாகும். வேலையில் இருந்த கடைசி ஆண்டில் காலை வணக்கக் கூட்டத்தில் நிற்கவே முடியவில்லை. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் ஓட, நான் நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதினேன். ஓய்வு பெற்ற கையோடு, அதிகமாக வலித்த வலது முட்டியை மாற்றிக்கொள்ள முடிவு செய்தேன்.

நகரத்துக்குள் இருந்த ஒரு பெரிய மருத்துவமனையில், அனுபவமுள்ள ஒரு டாக்டர் செய்தார். “கால் நேரா ஆயிடும்மா, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி” என்று முன்கூட்டியே சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் எங்கள் பெற்றோர் கட்டிய வீட்டில் நாங்கள் மாடியிலும், கணவரை இழந்த அக்கா கீழேயும் இருக்கிறோம். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். “சேசு மரி சூசையே! அம்மா இருந்து பாத்திருக்கணும்” என்று அழுதாள். அந்த நேரான காலைப் படம் பிடித்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பினாள். பூசைக்குப் போன இடத்தில் தெரியாதவர்கள்கூட என் காலைப் பற்றி விசாரித்தார்கள்.

வலி போய்விட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்த டாக்டருக்கு நான் என்றும் நன்றியுள்ளவள். பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தேன். தசையைப் பலப்படுத்துவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மாதங்கள் போகப் போக ஒன்று சரிப்படவே இல்லை. முட்டியின் உள்பக்கத்தில் எப்போதும் ஏதோ இழுத்துக் கட்டிய மாதிரி ஒரு இறுக்கம். பாதம் நான் நினைத்த இடத்தில் விழாமல் அதற்கு அரையடி தள்ளி விழுந்தது. படி இறங்கும்போது ஒவ்வொரு முறையும் வலது காலுக்கு யோசித்துக் கட்டளை கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் வந்து தங்கிய விருந்தாளி மாதிரி இருந்தது அந்த முட்டி. மரியாதையாக இருந்தது, உபத்திரவம் இல்லை, ஆனால் நம் வீட்டு ஆள் இல்லை.

“பழகிடும்” என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், ஆவடி ரயில் நிலையத்தில் அந்தச் சம்பவம் நடக்கிற வரைக்கும்.

திருவள்ளூரில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பி வந்தேன். கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நிலையத்துக்கு வெளியே நிற்பதாகச் சொல்லியிருந்தார். வேலை முடிந்து வருகிறவர்களின் கூட்டம். தூரத்திலேயே நான் அவரைப் பார்த்துவிட்டேன். அவரும் என் பக்கம் பார்த்தார். ஆனால் அவர் பார்வை என் மேல் விழுந்து, நிற்காமல் நகர்ந்து, எனக்குப் பின்னால் வந்தவர்களிடம் போனது. நான் நடந்துகொண்டே இருந்தேன். அவர் இன்னொரு முறை கூட்டத்தைத் துழாவினார், மறுபடியும் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். என் கைப்பைக்குள் மணி அடித்தது. நான் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டு அதை எடுத்தேன்.

“எங்க கீற? வண்டி வந்து எவ்ளோ நேரம் ஆச்சு?”

“முன்னாடிதான் நிக்கிறேன்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “தப்பா நெனச்சுக்காத டீச்சர். கூட்டத்துல நான் மூஞ்சிய தேட மாட்டேன், உன் நடையதான் தேடுவேன். இன்னைக்கி நீ வேற யாரோ மாதிரி வந்துகினு இருந்த.”

மாடிக்கு ஏறிப் போய், புடவையை முட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றேன். வலது கால் நேராக, யாருடையதோ போல. இடது கால் வளைந்து, வீங்கி, வலியோடு, என்னுடையதாக. அந்த இடது முட்டியையும் சீக்கிரமே மாற்றியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதைச் செய்கிறவர்கள் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

வலது முட்டியைச் சோதிக்கப் பழைய டாக்டரிடம் போக வேண்டிய நாள் வந்தது. படத்தை விளக்குப் பலகையில் மாட்டி அவர் திருப்தியோடு பார்த்தார்.

“எக்ஸ்ரே அருமையா இருக்கும்மா.”

“எக்ஸ்ரே அருமையாதான் இருக்கு சார். ஆனா நடக்கிறது நானாச்சே.”

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். “சொல்லுங்க” என்றார். இறுக்கத்தைச் சொன்னேன், பாதம் விழும் இடத்தைச் சொன்னேன், படியைச் சொன்னேன். ரயில் நிலையத்தைச் சொல்லவில்லை. அது அவருடைய துறை அல்ல. அவர் முட்டியை மடக்கி, நீட்டி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார்.

“மூட்டுல எந்தக் கோளாறும் இல்ல. நாங்க படிச்ச முறை என்னன்னா, இடுப்பு, முட்டி, கணுக்கால் மூணையும் ஒரே கோட்டுல கொண்டு வர்றது. புது மூட்டு மேல எடை சமமா விழணும், ரொம்ப காலம் உழைக்கணும், அதுக்காகத்தான். பெரும்பாலானவங்களுக்கு நல்லாவே இருக்கு. சில பேருக்கு உங்களை மாதிரி, என்னோடது இல்லைன்னு ஒரு உணர்வு நின்னுடுது.”

“இடது முட்டிக்கு வேற வழி இருக்கா சார்?”

“இருக்கு. எல்லாருக்கும் ஒரே நேர்கோடுன்னு வைக்காம, அவங்கவங்க காலோட சொந்த அமைப்பு எதுவோ அதுக்குத் தக்கபடி மூட்டைப் பொருத்துறது. சில பேர் அப்படிச் செய்யறாங்க. நான் செய்யறதில்ல. என் கைக்குப் பழகாத வேலையை உங்க கால்ல பழக மாட்டேன். என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு அம்பத்தூர்ல இருக்கா. போய்க் கேளுங்க. அவ வேணாம்னு சொன்னா, திரும்பி எங்கிட்டயே வாங்க.”

அப்படி ஒரு வார்த்தையை ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்பது அதுவே முதல் முறை. வெளியே வந்து கணவரிடம் சொன்னபோது, “நல்ல மனுசன்யா” என்றார்.

அம்பத்தூர் டாக்டருக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். அவர் முதலில் எக்ஸ்ரேயைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளித் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். பின்னால் நின்று பார்த்தார், முன்னால் நின்று பார்த்தார், கடைசியில் தரையில் குந்தி உட்கார்ந்து என் முட்டியின் உயரத்திலிருந்து பார்த்தார். ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்யும்போது நானும் அப்படித்தான் பார்ப்பேன். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

“சின்ன வயசுலயும் இப்படியா, இல்ல வலி வந்த அப்புறம்தான் வளைஞ்சதா?”

நான் கைப்பையிலிருந்து மாவட்ட அணியின் பழைய படத்தை எடுத்து நீட்டினேன். முன்வரிசையில் அரைக்கால் சட்டையோடு நான் நிற்கிறேன், பிராக்கெட் பளிச்சென்று தெரிகிறது. டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். “படம் பிரமாதம் டீச்சர். ஆனா நான் நம்புறது எலும்பைத்தான்” என்று சொல்லி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே நீளமாக எடுக்கும் எக்ஸ்ரேவுக்கும், அதற்குப் பிறகு ஒரு ஸ்கேனுக்கும் அனுப்பினார்.

எல்லாம் வந்த பிறகு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, என் இடது காலை எனக்கே காட்டினார். தொடை எலும்பின் அடியில் ஒரு கோடு, கால் எலும்பின் தலையில் ஒரு கோடு.

“இதுல ரெண்டு வளைவு ஒண்ணா கலந்திருக்கு. ஒண்ணு, உங்க எலும்போடயே வளர்ந்தது. இன்னொண்ணு, உள்பக்கம் குருத்தெலும்பு தேஞ்சு, இடைவெளி போய், அதனால வந்தது. எலும்போட சாய்வை அளந்து பாத்தா எது எவ்வளவுன்னு ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். தேஞ்சு வந்த வளைவை நான் எடுத்துடுவேன். கூடவே வளர்ந்ததை விட்டுவைக்கலாம். அந்த வளைவுக்குத் தக்கபடிதான் உங்க ஜவ்வு, தசை எல்லாம் இத்தனை வருஷமா பழகியிருக்கு.”

“அப்படியே விட்டுருவீங்களா?”

“அப்படியே இல்ல. ஒரு எல்லை இருக்கு. அதுக்கு மேல வளைவா வெச்சா மூட்டு சீக்கிரம் தேயலாம்னு பயம் இருக்கு. அந்த எல்லைக்குள்ளதான் வெப்பேன். நீங்க கெஞ்சினாலும் அதைத் தாண்ட மாட்டேன்.”

பிறகு நான் எதிர்பார்க்காத விதமாக, அந்த முறைக்கு எதிரான எல்லாவற்றையும் அவரே சொன்னார். இது எல்லோருக்கும் பொருந்தாது. நீண்ட காலத்தில் எப்படி இருக்கும் என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். “உங்களுக்கு நிச்சயமா வித்தியாசம் தெரியும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இன்னொண்ணு, வலது கால் ஏற்கெனவே நேரா இருக்கு. இது லேசா வளைஞ்சு இருக்கும். ரெண்டும் ஜோடி சேராது.”

“இப்பவும் சேரலையே, டாக்டர்.”

“பாக்கிறவங்க கேப்பாங்க. ஆபரேஷன் பண்ணியும் ஏன் கோணலா இருக்குன்னு.”

“என் காலைப் பத்திக் கேக்கிறவங்களுக்குப் பள்ளிக்கூடம் போன நாள்ல இருந்து பதில் சொல்லிட்டுதான் வர்றேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சரி. வலி போகணும்கிறதைத் தவிர வேற என்ன வேணும் உங்களுக்கு?”

“கிரவுண்டுல நிக்கணும். எங்க பங்குக் கோயில் மைதானத்துல ஞாயித்துக்கிழமை பொம்பளப் புள்ளைங்களுக்கு த்ரோபால் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். நின்னு போச்சு. பந்து வர்ற பக்கம் ஒரு எட்டு நகர்றதுக்குக் கால் யோசிக்கக் கூடாது.”

“ஓட விட மாட்டேன்.”

“ஓட்டம் வேணாம். ஒரு எட்டு போதும்.”

வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரச் சொன்னார். நான் ஏற்கெனவே யோசித்தாகிவிட்டது. ஆனாலும் அக்காவிடம் சொல்ல வேண்டுமே.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, அக்கா கீழ்வீட்டு முற்றத்தில் மீனை வெட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“உனக்குப் பைத்தியமாடி? ஆபரேஷன் பண்ணிக் கோணலா வெச்சுக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்தியாதான் இருப்ப.”

“கோணல் இல்லக்கா. என் அமைப்பு.”

“அமைப்பாம் அமைப்பு. அந்தக் காலை வெச்சுக்கிட்டு அம்மா எத்தனை நாள் கண்ணீர் விட்டிருப்பாங்க, தெரியுமா உனக்கு? ஆண்டவராப் பாத்து ஒண்ணை நேராக்கிக் குடுத்திருக்காரு. இன்னொண்ணையும் நேராக்கிக்கிட்டு நிம்மதியா இருக்காம…”

எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. “எங்கால் மேல உனக்கு என்னக்கா இவ்வளவு அக்கறை? சின்ன வயசுல இருந்து நீ என் காலைத் தவிர வேற எதையாவது பாத்திருக்கியா?”

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எனக்கு முன்னால் வந்து நின்று, புடவையையும் பாவாடையையும் சேர்த்து முட்டிக்கு மேல் தூக்கினாள்.

இரண்டு முட்டிகளும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. பாதங்கள் விலகி நின்றன. முட்டிகள் இரண்டும் நன்றாக வீங்கியிருந்தன, உரசிய இடத்தில் தோல் கறுத்திருந்தது.

“உனக்கு வெளிப்பக்கம், எனக்கு உள்பக்கம்” என்றாள். “எனக்கு வளர வளரத்தான் இப்படி ஆச்சு. அதுக்குள்ள நான் முழுப் பாவாடைக்குப் போயிட்டேன். யாரும் பாக்கல. நானும் காட்டல. கட்டினவருக்குக்கூட ரொம்ப நாளைக்குத் தெரியாது.”

பள்ளியில் ஒரு பெண் பாதத்தைத் தவறாக ஊன்றினால் மைதானத்தின் மறுகோடியிலிருந்து கண்டுபிடித்துவிடுவேன் நான். அக்கா மெதுவாக நடப்பதற்குக் காரணம் உடம்புக் கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“வலிக்குதாக்கா?”

“வலிக்காம?” புடவையை இறக்கிவிட்டாள். “நீ எல்லாருக்கும் காட்டிக்கிட்டு, அரை டவுசரப் போட்டுக்கிட்டு ஓடுனப்போ எனக்குப் பக்குனு இருக்கும். எவனாவது எதாவது சொல்லிடுவானோன்னு. கூடவே பொறாமையாவும் இருக்கும். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது நேரா நிக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான்.”

நான் அவள் பக்கத்தில் போய், முற்றத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். மிச்ச மீனை நானே கழுவ ஆரம்பித்தேன்.

“நான் செஞ்சுக்கப் போறேன்க்கா” என்றேன் கடைசியில்.

“செஞ்சுக்கோ. நான் வேணாம்னு சொல்லி நீ எதைக் கேட்ட?”

அறுவை அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். மார்புக்கு முன்னால் பச்சைத் துணி மறைப்பு. அதற்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம்: ரம்பம், சுத்தியல், மறுபடியும் ரம்பம். வலி இல்லை, ஆனால் அடிக்கிற அதிர்வு பல் வரைக்கும் வந்தது. மனதுக்குள் அருள் நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது. என் காலை யாரோ மடக்கி நீட்டிப் பார்ப்பது ஒரு அசைவாக மட்டும் தெரிந்தது. மறைப்புக்கு மேலே டாக்டரின் கண்கள் தெரிந்தன.

“டீச்சர், நேராக்குறதுக்காக ஜவ்வு எதையும் நான் தளர்த்தல. மூட்டு அதுபாட்டுக்கு உக்காருது.”

நான் தலையை ஆட்டினேன்.

சொந்த வளைவோடு வைத்ததால் வலிக்காது என்று யாராவது நினைத்தால் அது தவறு. மரத்தது விட்டதும் முதல் முட்டிக்கு வலித்த அதே வலி. மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தபோது கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் அந்த வலிக்கு நடுவிலேயே ஒன்றைக் கவனித்தேன். பாதத்தை ஊன்றியபோது அது விழுந்த இடம் எனக்குத் தெரிந்த இடமாக இருந்தது. அவசரப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மருந்து மயக்கமாகக்கூட இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் வியாசர்பாடிக்காரர். கையை வைத்தால் இரும்பு. “யம்மா, இன்னாத்துக்கு பல்ல கடிக்கிற? மூச்ச வுடு. இன்னும் கொஞ்சம் மடங்கும், பாரு” என்பார். மடங்கும். நான் கத்துவேன். கீழேயிருந்து அக்கா, “மெதுவாப்பா!” என்று கத்துவாள். “பெரியம்மா, நீங்க சும்மா இருங்க. டீச்சரம்மா இன்னும் மடக்குன்னு கேக்கறாங்க” என்று அவர் பதிலுக்குக் கத்துவார். உண்மையில் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எத்தனையோ பிள்ளைகளை, முடியாது என்று உட்கார்ந்தவர்களை, எழுந்திரு எழுந்திரு என்று அதட்டியிருக்கிறேன். அதே அதட்டலை இப்போது எனக்கே போட்டுக்கொண்டேன். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்குவது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மடக்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு எட்டு.

நடுவில் கெண்டைக்கால் திடீரென்று வீங்கியது. இரத்தம் கட்டியிருக்குமோ என்று பயந்து அம்பத்தூருக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை, அதிகமாகப் பயிற்சி செய்ததால் வந்த வீக்கம்தான் என்றார்கள். டாக்டர் முதன்முறையாக என்னைத் திட்டினார். “ஒரு எட்டுதான் கேட்டீங்க. நீங்க செய்யறதைப் பாத்தா மாரத்தானுக்குப் போற மாதிரி இருக்கு.” சில நாள் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு சும்மா கிடந்தேன். அது வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

மழைக்காலம் வந்தது. தெருவில் தண்ணீர் நின்றதால் மாடி வராந்தாவிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தண்ணீர் வடிந்ததும் தெருமுனைக் கடை வரைக்கும். பிறகு குச்சியில்லாமல் கோயில் வரைக்கும். ஒரு நாள் படி இறங்கிக் கீழே வந்து அக்காவிடம் காபி வாங்கிக் குடிக்கும்போதுதான், இறங்கும்போது இடது காலைப் பற்றி நினைக்கவே இல்லை என்று உறைத்தது. மறுபடியும் ஏறி, மறுபடியும் இறங்கினேன். வலது கால் வைக்கும்போது நினைவு வந்தது, இடது கால் வைக்கும்போது வரவில்லை. அக்கா, “என்னடி ஆச்சு உனக்கு?” என்று கேட்டாள். “ஒண்ணும் ஆகலைக்கா” என்றேன். அதுதான் உண்மை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு கால் நேராகவும் ஒரு கால் லேசாக வளைந்தும் இருப்பதால் என் நடை ஒரு புது நடை. கணவர் சில நாள் பின்னால் நடந்துவந்து உற்றுப் பார்த்தார். “இது பழசும் இல்ல, ஆஸ்பத்திரி நடையும் இல்ல. மூணாவதா ஒண்ணு கீது. பரவால்ல, இத்தையும் பழகிக்கிறேன்” என்றார். முழந்தாளிட இரண்டு முட்டிகளும் விடுவதில்லை. பூசையில் எல்லோரும் மண்டியிடும்போது நான் பெஞ்சில் உட்கார்ந்தே கும்பிடுகிறேன். இடது முட்டி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன். வலது முட்டியை இப்போது குறை சொல்வதில்லை. வலி இல்லாமல் என்னைத் தாங்குகிறது, அது சின்ன விஷயம் இல்லை.

ஞாயிறு வகுப்பு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் எட்டோ பத்தோ பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் ஐ.டி. வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்து வந்து, திருவேற்காட்டுப் பக்கமும் இங்கேயும் அடுக்குமாடிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள். என்னை முன்னே பின்னே தெரியாது. அவர்கள் எறிந்த பந்து ஒன்று வலைக்கு மேலே உயர்ந்து என் இடது பக்கமாக வந்தது. ஒரு எட்டு வைத்துப் பிடித்தேன். யாரும் கை தட்டவில்லை, அதில் தட்டுவதற்கு என்ன இருக்கிறது? “கையை நீட்டி எறியணும், முழங்கையை மடக்காதே” என்று சொல்லித் திருப்பி எறிந்தேன்.

கோயில் திருவிழாவுக்கு நடத்திய போட்டியில் நடுவராக ஆட்டம் முடிகிற வரைக்கும் நின்றேன். சாயங்காலம் முட்டி வீங்கி, ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தபோது கணவர் முணுமுணுத்துக்கொண்டே காபி போட்டார். அக்கா கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மாடி ஏறி வந்தாள். அவள் மாடிக்கு வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அந்த டாக்டர்கிட்ட எனக்கு ஒரு நேரம் கேட்டு வை” என்றாள்.

“நிஜமாவாக்கா?”

“எனக்கு நேரா வெக்கிறதா, எப்படி வெக்கிறதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசிக்கிறேன். நீ துணைக்கு வந்தாப் போதும். வாயைத் தொறக்கக் கூடாது.”

புதன்கிழமை போகிறோம். அவளுக்கு ஏறி இறங்கச் சிரமம் என்பதால் ரயில் வேண்டாம், ஆட்டோ சொல்லியிருக்கிறேன். தாழ்வாரத்தில் செருப்பில்லாமல் நடக்கச் சொல்வார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, கணுக்கால் தெரிகிற மாதிரி புடவையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கீழ்வீட்டுக் கூடத்தில் ஒரு முறை நடந்து பார்த்தாள்.